சிவப்பு என்றால் என்னை நோக்கி

ஜெல் உறைந்து கிடந்தது.
புட்டியைக் கம்பளிக்குள் விட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டு
பெயர்களை எழுதத் தொடங்கினேன்.

மூவாயிரத்து எழுநூறு மீட்டர் உயரம்.
ஒருரோவிலிருந்து ஐந்து மணி நேரம்,
கடைசி ஒரு மணி நேரத்துக்குச் சாலையே இல்லை,
வெறும் உப்புவெளி.
தூரத்து மலைமுகடு ஒன்றைக் குறிவைத்து
ஹிலாரியோன் ஓட்டினான்.

பள்ளியில் ஒரு வகுப்பறை கொடுத்தார்கள்.
கரும்பலகையில் ஏழாம் வாய்ப்பாடு,
அருகில் 'அழிக்காதீர்கள்'.
ஜன்னலுக்குப் போர்வை கட்டி இருட்டாக்கினோம்.
இரண்டு மேசை சேர்ந்து கட்டிலானது.
சுவருக்கு வெளியே ஜெனரேட்டர்.

முதல் எட்டு இதயங்களில்
சொல்வதற்கு ஒன்றுமில்லை.
நான்கு அறை, நடுவில் ஓட்டையில்லாத சுவர்,
வேளைக்குத் திறந்து வேளைக்குச் சாத்தும் கதவுகள்.
ஒரு பையன் கூச்சம் தாளாமல் சிரித்து
படத்தையே குலுக்கினான்.
இயல்பு, இயல்பு என்று
எட்டு முறை எழுதினேன்.
ஒவ்வொரு முறையும் முழுச் சொல்லாக.

ஒன்பதாவது சயரி.
வயது ஆறு, எடை நான்கு வயதுக்குரியது.
வருடத்தில் மூன்று தடவை நெஞ்சில் சளி.
"இங்கே காற்று மெலிவு,
எல்லாப் பிள்ளைகளுக்கும் இரைக்கத்தான் செய்யும்"
என்றாள் தாய் தெயோடோரா
பின்னல் ஊசிகளை நிறுத்தாமல்.
மடியில் அல்பாக்கா நூலில் பாதித் தொப்பி.
"தொட்டால் மட்டும் பூனை மாதிரி உறுமுகிறாள்."

கை வைத்துப் பார்த்தேன்.
உறுமியது.

இடது காறையெலும்புக்குக் கீழே கருவியைச் சாய்த்தேன்.
சாம்பல் மூட்டம்.
அதன் மேல் நிறத்தைத் திறந்தேன்.
நீலம் ஓடும் குழாயில், சுவரை ஒட்டி
தீக்குச்சி கிழித்தாற்போல் ஒரு சிவப்பு.
துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையிலும்
அது அணையவில்லை.

தெயோடோரா திரையைப் பார்த்து முகம் மலர்ந்தாள்.
"சிவப்பு நல்ல ரத்தம்தானே? நீலம்தானே கெட்டது?"

நிறத்துக்குக் குணம் கிடையாது, அம்மா.
சிவப்பு என்றால் என்னை நோக்கி.
நீலம் என்றால் என்னை விட்டு.
சந்தை நாளில் பஸ் வருவதும் போவதும்போல.
எல்லாம் போக வேண்டிய பாதையில்
ஒன்று மட்டும் எதிரே வருகிறது.

அவள் தலையசைத்தாள்.
நம்பினாள் என்று சொல்ல மாட்டேன்.

ஒலியைக் கூட்டினேன்.
இடைவெளியே இல்லாத ஒரே இரைச்சல்.
"இந்த ஜெனரேட்டர் காதைத் தின்கிறது" என்றாள்.
அந்த நேரம் பார்த்து எரிபொருள் தீர்ந்து
ஜெனரேட்டர் நின்றது.

என் இயந்திரத்துக்கு பேட்டரி உண்டு.

இரைச்சல் நிற்கவில்லை.

ஊசிகள் நின்றன.

"நானா அது?" என்றாள் சயரி.
"நீதான்."
"லாரி மாதிரி இருக்கிறேன்!"
அவளுக்குத் தாங்க முடியாத பெருமை.

கருவில் நுரையீரலுக்கு வேலையில்லை,
அதனால் இரண்டு பெருங்குழாய்க்கு நடுவே ஒரு குறுக்குச்சந்து.
பிறந்து சில நாளில் தானே மூடிக்கொள்ளும்.
'மூடு' என்று சொல்வது பிராணவாயு.
இந்த உயரத்தில் அதன் குரல் சன்னம்,
சில சந்துகளுக்குக் கேட்பதில்லை.
தாயிடம் இப்படிச் சொன்னேன்.
தாளில்:
குறுகிய இடம் மூன்று புள்ளி எட்டு மில்லிமீட்டர்.
இடப்பக்க அறைகள் விரிவு.

"அறுப்பார்களா?"
இல்லை. தொடை வழியாக ஒரு சின்னக் குழாய்,
அதன் முனையில் கம்பி வலை அடைப்பான்.
லா பாஸில் பெண்கள் கையால் பின்னுகிறார்கள்,
ஒரே கம்பியில்.

"என்ன பின்னல்?"

எனக்குத் தெரியவில்லை.
பதினோரு வருடமாகப் பார்க்கிறேன், தெரியவில்லை.
கைபேசியில் படத்தைக் காட்டினேன்.
விரலால் பெரிதாக்கி
உதடசைய எண்ணினாள்.
"ஓரத்தில் கண்ணி தளர்வாக விட்டிருக்கிறார்கள்."
உள்ளே போய் விரிவதற்கு, என்றேன்.
"அப்படியானால் சரி."
போக வேண்டிய தேதியை
தொப்பி நூலின் காகித உறையில் குறித்துக்கொண்டாள்.

வாசலில் மூன்று படி.
சயரி லாரி ஓட்டிக்கொண்டே இறங்கினாள்,
இரண்டாவது படியில் நிறுத்தி,
மூச்சு வாங்கி,
கியர் மாற்றி.

பத்தாவது பெயரைக் கூப்பிட்டேன்.
ஜெல் மறுபடி இறுகியிருந்தது.